கழிவு விலையில் ஒரு கேக் இயந்திரம்

நத்தார் அணுகிவிட்டது என்பதை வவுனியாவில் வாழ்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்ததும் கடைவீதியிலே பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடும். சீலைக்குக் கழிவு, செருப்புக்குக் கழிவு, குளிர்சாதனப் பெட்டிக்குக் கழிவு, வங்கி அட்டை வைத்திருப்போருக்கு அதன்மேல் இன்னுமொரு கழிவு. 'கழிவு' என்னும் சொல்லுக்குத் தமிழிலே வேறொரு பொருளும் உண்டென்பதை வணிகப் பெருமக்கள் மறந்துவிட்டனர் போலும்! சென்ற ஆண்டு அப்பதாகைகளுள் ஒன்று எங்கள் குடும்பத்தில் ஒரு மாத காலம் ஓயாத பேச்சாயிற்று. பட்டரையும் சீனியையும் முட்டையையும் மாவையும் தானே அடித்துக் கலந்து தரும் மின்சார இயந்திரம் நூற்றுக்கு 25 வீதக் கழிவில் விற்பனையாகும் என்று அது பறைசாற்றியது.

இதிலே ஒரு மாதம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சகோதரிகள் சிலர் எண்ணக்கூடும். முள்ளியவளையில் இருக்கும் என் தங்கை கேக் செய்து விற்றுச் சீவனம் நடத்துபவள். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கலியாணம், நத்தார் என்று ஊரிலுள்ளவர்கள் அவளிடம் சொல்லிவைப்பது ஒரு பங்கு. கடல்கடந்து வாழும் பிள்ளைகள் சொல்லிவைப்பது மற்றொரு பங்கு. கனடாவில் இருக்கும் பேரன், இங்கே தனித்திருக்கும் அப்பம்மாவின் பிறந்தநாளுக்குத் தொலைபேசியிலே கேக் கேட்கிறான். அதைக் கிழவியின் கையில் கொடுக்கும்போது படம் பிடித்து அனுப்பவும் வேண்டுகிறான். அந்தப் படத்துக்காகவேனும் கேக் செம்மையாக எழும்பியிருத்தல் வேண்டும் அன்றோ?

2009ஆம் ஆண்டு பங்குனியிலே அவளுடைய வலது தோளில் எறிகணைச் சிதறல் பாய்ந்தது. புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றப்பட்டு, புல்மோட்டையில் இந்திய மருத்துவர்கள் அமைத்திருந்த வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தாள். பெரிய துண்டை எடுத்தார்கள். எலும்பின் அருகே கிடக்கும் சிறிய துண்டை எடுப்பதால் தீமையே அதிகம் என்று பின்னர் பார்த்த வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். வன்னியிலே இத்தகைய இரும்பைச் சுமந்துகொண்டு நடமாடுபவர்கள் ஒருவர் இருவர் அல்லர். கணவனையும் அவ்வாண்டே இழந்தவள், அந்தத் தோளைக் கொண்டே ஒரு மகனை உயர்தர வகுப்பு வரை படிப்பித்துவிட்டாள். ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளாக, மார்கழியில் நாளொன்றுக்கு மூன்று கேக் அடித்தால் நான்காம் நாள் கை மேலெழ மறுக்கிறது. கையில் பிடித்து அடிக்கும் சிறு மின்சாரக் கருவி ஒன்று அவளிடம் உண்டு. அதைத் தூக்கிப் பிடித்தபடி இருபது நிமிடம் நிற்பது அகப்பையிலும் கொடுமை என்பது அவளுடைய அநுபவம்.

ஆகவே, தானே நின்று அடிக்கும் இயந்திரம் வேண்டும். அதன் பெயரைச் சொல்லி வாங்குவதே ஒரு பாடு. 'மிக்சி' என்று கேட்டால் சம்பல் அரைப்பதைக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டிலே 2011 முதல் அரசாங்கம் வீடுதோறும் இலவசமாக வழங்கியதும் அந்த அரைக்கும் மிக்சியைத்தான். 'மிக்சர்' என்று கேட்டாலோ கடலையும் ஓமப்பொடியும் கலந்த பொட்டலம் நினைவுக்கு வருகிறது. 'பீற்றர்' என்றால் கையிற் பிடிப்பது. 'ஸ்டாண்ட் மிக்சர்' என்று ஆங்கிலத்தில் முழுப்பெயரையும் சொன்னால்தான் கடைப்பையன் தலையசைக்கிறான். வீட்டிலே நாங்கள் 'கேக் இயந்திரம்' என்றே வழங்கினோம்.

நிற்க. கேக் ஏன் எழும்புகிறது என்பதை அறியாமல் இயந்திரத்தின் தேவையை அறிய முடியாது. அப்பச்சோடா கலந்த பேக்கிங் பவுடரே அதனை எழுப்புகிறது என்று பலரும் நம்புகின்றனர். பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது, சீனிப் பரலின் கூரிய விளிம்புகள் பட்டரைக் கீறி அதனுள்ளே எண்ணற்ற காற்றுக் குமிழிகளைப் புகுத்துகின்றன. மஞ்சள் நிறப் பட்டர் வெளிறி, பாரம் குறைந்து, பஞ்சு போலாவது இதனாலேதான். பேக்கிங் பவுடர் புதிய குமிழிகளைப் படைப்பதில்லை, முன்னமே புகுந்திருப்பவற்றை ஊதிப் பெருக்குகிறது, அவ்வளவே. அடித்தல் போதாதாயின் எவ்வளவு பவுடர் இட்டாலும் கேக் களிதான்.

எங்கள் தாயார் இந்த விஞ்ஞானத்தைப் படித்தவரல்லர். ஆனால் அதன்படியே நடந்தவர். ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் அமெரிக்கன் மா, பத்து முட்டை. பெரிய மண்சட்டியை இரு பாதங்களுக்கிடையே இறுக்கி வைத்துக்கொண்டு, பலா மரத்து அகப்பையால் ஒரே பக்கமாகச் சுழற்றுவார். சீனி கரைந்துவிட்டதா என்று புறங்கையில் ஒரு துளி வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். கை மாறினால் அகப்பையும் பக்கம் மாறும், கேக் இறுகிப்போகும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. எனவே உதவிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தச் சட்டி ஒரு தண்டனையாகவே இருந்தது. பின்பு சட்டியின் அடியிலே மணல் பரப்பி, அதற்குள் தகரத்தை இறக்கி, மேல்மூடியிலும் தணல் கொட்டி, கீழும் நெருப்பு மேலும் நெருப்பாக வேகவைப்பார். பேக்கரிக்காரருடைய போறணை செய்யும் வேலையை எங்கள் அடுப்படி மூலை செய்தது. போர்க்காலத்தில் நெடுங்காலம் மின்சாரத்தையே காணாத ஊரிலே என் தங்கை தொழிலைக் கற்றதும் இவ்விதமே.

அந்தக் கல்வி வீண்போகவில்லை. 2022ஆம் ஆண்டு பங்குனி முடிவிலே நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு ஏற்பட்டபோது, நகரத்திலே இயந்திரம் வைத்துக் கேக் செய்தோர் பலர் கைகட்டி நின்றனர். இவளோ அகப்பையைத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. அது கையிலேயே இருந்தது. ஆனால் அடுப்புக்கு வாயு இல்லை, பட்டர் விலை சொல்லத் தரமில்லை, முட்டையோ அதற்கு மேல். அடுத்த ஆண்டிலே முட்டையை இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தைத் தாண்டி வந்தவளுக்கு இயந்திரத்தின்மீது மோகம் என்று எவரும் சொல்ல இயலாது. கை இனி மாட்டாது என்று சொன்ன பிறகே அவள் அதனைப் பற்றிப் பேசினாள்.

ஒரு கையின் களைப்பிலேயே இவ்வியந்திரமும் பிறந்திருக்கிறது. அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து ட்ரோய் என்னும் ஊரிலே, ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியியலாளராகிய ஹெர்பர்ட் ஜோன்ஸ்டன், வெதுப்பகக்காரன் ஒருவன் இரும்புக் கரண்டியால் பாண்மாவைக் கிண்டிப் படும் பாட்டைக் கண்டு, 1908ஆம் ஆண்டில் இதற்கான சிந்தனையைத் தொடங்கினாராம். முதலிலே வெதுப்பகங்களுக்கும் போர்க்கப்பற் சமையற்கூடங்களுக்குமான பேரியந்திரங்களே வந்தன. 1919இல் வீட்டுக்கென ஒன்று செய்தார்கள். அதன் பாரம் 65 இறாத்தல். விலை 189 டொலர் 50 சதம். அந்நாளில் அது சிறு தொகையன்று. கடைக்காரர்கள் வாங்கி வைக்கத் தயங்கவே, பெண்கள் வீடுவீடாகச் சென்று செய்து காட்டி விற்றார்கள். பிரித்தானியாவிலே கெனத் வூட் என்பவர் 1950இல் தமது கென்வூட் இயந்திரத்தை இலண்டன் கண்காட்சியொன்றிலே வைத்துப் பெயர் பெற்றார்.

இவற்றின் சூட்சுமம் ஒன்றே. பாத்திரம் அசையாது நிற்கும். அடிக்கும் கரம் தன்னைத்தானே ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு, அதே வேளையில் பாத்திரத்தை மறுபக்கமாக வலம் வரும். பூமி தானும் சுழன்று சூரியனையும் சுற்றி வருவது போல என்று வகுப்பிலே சொல்லலாம். இதனால் பாத்திரத்தின் ஒரு மூலையும் தப்புவதில்லை. தாயாரின் 'ஒரே பக்கம்' என்னும் விதியை அது ஒவ்வொரு கணமும் மீறுகிறது. கேக் இறுகுவதாகவும் காணவில்லை. அவர் உயிரோடிருந்து இதனைப் பார்த்திருந்தால் என்ன நியாயம் சொல்லியிருப்பாரோ!

இனி விலைக்கு வருவோம். முதலாவது கழிவு ரொறன்ரோவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் மைத்துனர் ஒருவர், நத்தாருக்கு மறுநாள் எல்லாம் அரைவிலை, நல்ல இயந்திரமாக வாங்கி ஆள்மூலம் அனுப்புகிறேன் என்றார். அன்பிலே குறைவில்லை. ஆனால் அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 சுற்று. எமது மின்சாரம் 230 வோல்ட், 50 சுற்று. வோல்ட்டைக் குறைக்க மின்மாற்றி ஒன்று வாங்கி வைக்கலாம். சுற்று வேறுபாட்டை அது மாற்றாது. பழுதுபட்டால் அங்கே எழுதித் தந்த உத்தரவாதம் இங்கே செல்லாக்காசு. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகள் ஒருத்தி தலைமயிர் உலர்த்தும் கருவியை எங்கள் வீட்டுச் சுவரிலே செருகியபோது ஒரு கணத்திலே எழுந்த புகையும் நாற்றமும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இலண்டன் உறவினராயின் வேறு கதை. அவர்களுடைய மின்சாரம் எமக்குப் பொருந்தும். ஆனால் எங்களுக்கு இலண்டனில் அவ்வளவு நெருக்கமானவர் எவருமில்லை.

இரண்டாவது, வவுனியாக் கடையின் கழிவு. 64,900 ரூபாப் பெறுமதியான இயந்திரம் 48,675 ரூபாவுக்கு! மிச்சம் 16,225 ரூபா. தங்கையைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுமுன், நான் என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். ஐப்பசி மாதத்திலே மின்விசிறி வாங்கச் சென்றபோது, அவள் கேட்டிருந்ததால் அதே இயந்திரத்தின் விலையை எழுதி வந்திருந்தேன். 54,900 என்றிருந்தது. ஒரு மாதத்திலே பத்தாயிரம் ஏற்றி, அதன்பின் கால்வாசி இறக்கியிருக்கிறார்கள். உண்மையான கழிவு 6,225 ரூபா. அதாவது நூற்றுக்குப் பதினொன்றும் சிறிதும். இது ஒரு கடையின் குற்றமன்று. பண்டிகைக் காலத்திலே உலகெங்கும் வழங்கும் வித்தைதான். முன்விலையை எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் மட்டும் அது பலிப்பதில்லை.

மூன்றாவது வழியும் காட்டினார்கள்: முற்பணம் சிறிது, மிகுதி தவணைக்கு. எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தவணை என்றால் அடிவயிறு கலங்கும். போருக்குப் பின் வாரந்தோறும் வாசலிலே வந்து நின்ற நுண்கடன்காரர்களால் பட்ட பாடு அத்தகையது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். "அக்கா, கடனுக்கு வாங்கினால் கேக்கிலை கசப்புத்தான் ஏறும்" என்று தங்கை ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். சீட்டுக் காசு 40,000 அவள் கைக்கு வந்திருந்தது. குறையை நான் தருவதென்றும், அவள் அதைக் கைமாற்றாக எழுதிக்கொள்வதென்றும் தீர்மானமாயிற்று. அன்பளிப்பாகத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவளிடம் அது நடவாது.

ஒரு சனிக்கிழமை காலை நெடுங்கேணி வழியாக வரும் பேருந்தில் வந்திறங்கினாள். தோளிலே ஒரு துணிப்பை. கடையிலே எங்களை வரவேற்ற இளைஞன் என்னிடம் எட்டாம் வகுப்பிலே கணிதம் படித்தவன்.

"இருங்கோ ரீச்சர். உது 1,200 வாட். உந்த விலைக்கு வேறை இடத்திலை கிடையாது."

வாட் என்பது இயந்திரம் உண்ணும் மின்சாரத்தின் அளவு. எருது எவ்வளவு வைக்கோல் தின்கிறது என்பதைக் கொண்டு அது எவ்வளவு உழும் என்று மதிப்பிடலாமா? 300 வாட் அளவிலே இயங்கி, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் வீட்டு இயந்திரங்களும் உலகிலே உண்டு. உள்ளே இருக்கும் பற்சக்கரம் உலோகமா பிளாஸ்டிக்கா, அடிக்கும் கரம் பாத்திரத்தின் அடியைத் தொட்டும் தொடாமலும் செல்லுகிறதா, தேய்ந்த உறுப்பை மாற்ற ஆள் எங்கே இருக்கிறான் என்பனவே கேட்க வேண்டியவை. பற்சக்கரம் பற்றிக் கேட்டேன். பெட்டியிலே எழுதியிருக்கவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. திருத்தும் இடம் கொழும்பு என்றான். முள்ளியவளையிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கும் மேல்.

தங்கை அதுவரையும் வாய்திறக்கவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு கிலோ கோதுமை மாவையும் ஒரு போத்தல் தண்ணீரையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, பேப்பரிலை எழுதினது எனக்கு விளங்காது. இதைக் குழைச்சுக் காட்டுங்கோ."

இளைஞன் திகைத்தான். விற்கும் பொருளிலே மா படலாகாது என்றான். முகாமையாளர் வந்தார். கடையிலே நின்ற வேறு இரண்டு பெண்களும் கிட்ட வந்துவிட்டார்கள். காட்சிக்கு வைத்திருப்பதிலே செய்து பார்க்கலாம் என்று அவர் சம்மதிக்க வேண்டியதாயிற்று. கேக் கலவையை எந்த இயந்திரமும் அடித்துவிடும். பாண்மாவைப் போன்ற இறுக்கமான மாவே அதன் எலும்பைச் சோதிப்பது என்பது அவளுடைய கணக்கு. மாவைக் கொட்டி, நீரை அளந்து விட்டு, மெதுவான வேகத்திலே திருப்பினாள். இரண்டு நிமிடம் நன்றாகவே ஓடியது. மா திரண்டு உருண்டையானதும் இயந்திரத்தின் தலை துள்ளத் தொடங்கிற்று. நான்காம் நிமிடத்திலே முழு இயந்திரமும் மேசையின் விளிம்பை நோக்கி அடிமேல் அடி வைத்து நகர்ந்தது; முகாமையாளரே பாய்ந்து பிடித்தார். சூடேறிய கம்பியின் நாற்றம் வந்தது. எவரும் ஒன்றும் பேசவில்லை.

பக்கத்துத் தட்டிலே கவனிப்பாரற்று இன்னொன்று இருந்தது. 800 வாட். பளபளப்பில்லை, பாத்திரம் சிறிது, தூக்கினால் கை தாழும் பாரம். விலை 58,000, கழிவு பத்து வீதந்தான். தங்கை அதே மாவை எடுத்து அதிலே போட்டாள். பத்து நிமிடம் ஓடியது. தலையிலே கை வைத்துப் பார்த்தோம், இளஞ்சூடு. மேசையிலே வைத்த இடத்தில் வைத்தபடியே நின்றது. பாரம் என்பது இங்கே குறையன்று என்பதை அப்பொழுதுதான் நேரிலே கண்டேன்.

52,200 ரூபா. பெரிய கழிவு உடையதிலும் 3,525 ரூபா அதிகம். ஒரு கிலோக் கேக்கிலே செலவெல்லாம் போக அவளுக்கு நிற்பது ஏறக்குறைய 600 ரூபா. அங்கேயே விரல்மடித்து எண்ணினாள்: "87 கேக், அக்கா." உத்தரவாதச் சீட்டிலே கடை முத்திரையும் திகதியும் இட்டு வாங்கிக்கொண்டோம்; பற்றுச்சீட்டின் எழுத்து ஓராண்டிலே மங்கிவிடும் என்பதால் படமும் எடுத்துவைத்தோம். குழைத்த மாவை அந்த இளைஞனிடமே கொடுத்து, மதியம் ரொட்டி சுட்டுத் தின்னும்படி சொல்லிவிட்டு வந்தாள்.

இயந்திரத்தை இயக்குவதிலும் சில நுட்பங்களை அவள் தானாகவே கண்டுகொண்டாள். அதிவேகத்திலே அடித்தால் பட்டர் சூடேறி உருகுகிறது. உருகிய பட்டரிலே காற்று தங்காது. ஆகவே நடுத்தர வேகத்திலேயே எட்டு நிமிடம். சித்திரை வைகாசி வெயிலிலே அதுவும் ஆகாது என்று கண்டு, விடியற்காலை நான்கு மணிக்கே வேலையைத் தொடங்குகிறாள். உலோகப் பாத்திரத்தை முதல்நாள் இரவே குளிர்நீரிலே வைத்துவிடுகிறாள். மாவைச் சேர்த்த பின் இயந்திரத்தை நிறுத்திவிடுவாள். மாவை மிகையாக அடித்தால் அதிலுள்ள பசை இறுகி, கேக் பாணாகிவிடும். அந்தக் கடைசிப் பங்குக்குத் தாயாரின் பலா அகப்பைதான். கையும் அதற்கு மட்டும் வந்தால் போதும். அது அடித்துக்கொண்டிருக்கும் எட்டு நிமிடத்திலே தகரத்துக்குக் கடதாசி வெட்டுகிறாள், முட்டை உடைக்கிறாள், சில நாள் சும்மா கதிரையில் இருந்து தேநீர் குடிக்கிறாள். இந்தக் கடைசி விஷயத்தை அவளுடைய மகன் எனக்கு இரகசியமாகச் சொன்னான்.

கனடாப் பேரனுடைய அப்பம்மாவுக்குத் தை மாதத்திலே கேக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இயந்திரம் வாங்கியதை ஆச்சி அறியார். ஒரு துண்டை வாயிலிட்டுச் சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "போன முறையிலும் பார்க்க மெது, பிள்ளை. பல்லில்லாதவளுக்கு நல்லது. அடுத்த முறை சீனியைக் கொஞ்சம் குறை" என்றாராம். படமும் நன்றாகவே வந்தது.

தங்கையின் கணக்குப் புத்தகத்திலே அந்தக் கேக்குக்கு இலக்கம் 40. மிகுதி 47. என்னுடைய கைமாற்றை அவள் இந்தக் கணக்கிலே சேர்க்கவில்லை. அதற்கு வேறு பக்கம் போட்டு, இதுவரை 5,000 ரூபா கட்டியிருக்கிறாள்.